பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒரு முகம்

பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ருஃபோ தமது முதல் முழுநீளப் படத்தை எடுக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தாறு. அதற்குமுன் அவர் எந்தத் திரைப்படப் பள்ளியிலும் பயின்றதில்லை. பதினான்கு வயதிலேயே பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டவர் அவர். அவருடைய கல்வியெல்லாம் பாரிசு நகரின் திரையரங்கு இருளில் நிகழ்ந்தது. நாள்தோறும் மூன்று படம், வாரந்தோறும் மூன்று நூல் என்று தமக்குத்தாமே ஒரு பாடத்திட்டம் வகுத்துக்கொண்டு, அதைத் துறவியின் ஒழுங்கோடு கடைப்பிடித்தார். எந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தார், எந்தக் காட்சி மனத்தில் தங்கியது என்பதெல்லாம் அவருக்கு ஓர் உள்ளத்துப் பதிவேடு. திரைப்படக் கலைஞனாக விரும்பும் ஓர் இளைஞனின் இத்தகைய விருப்பப் பட்டியலை நாம் பொழுதுபோக்கின் கணக்கு என்று எளிதாகத் தள்ளிவிடுவோம். த்ருஃபோவின் பட்டியலை அப்படித் தள்ள இயலாது. அதிலிருந்த ஒரே ஒரு காட்சிக்காக அவர் 1954-இல் தம் நாட்டுத் திரையுலகம் முழுவதையும் எதிர்த்து எழுதினார். அந்தக் காட்சி ஒரு கிராமப் பங்குக்குரு பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஓர் இளம்பெண்ணோடு பேசும் காட்சி.

த்ருஃபோ 1932-ஆம் ஆண்டு பிப்ரவரி 6 அன்று பாரிசில் பிறந்தார். பெற்ற தந்தை யாரென்று அவருக்குச் சொல்லப்படவில்லை. தாயை மணந்தவர் தம் பெயரை அவனுக்கு அளித்தார். ஆயினும் குழந்தை வளர்ந்தது பாட்டியிடம். பாட்டி இறந்தபின் தாய்வீடு வந்தவன் அங்கே வேண்டாத விருந்தாளியானான். செருமானியர் பாரிசைக் கைப்பற்றியிருந்த காலம் அது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, அவசர வழியாகவும் கழிப்பறைச் சன்னல் வழியாகவும் திரையரங்குக்குள் நுழைந்த சிறுவனாகத் தம்மைப் பிற்காலத்தில் அவரே வருணித்திருக்கிறார். மாலையில் பெற்றோர் அவனை அதே படத்துக்கு அழைத்துச் செல்வதுமுண்டு. பார்த்த படத்தைப் பாராதவன்போல மீண்டும் பார்க்கவேண்டும். ஒரே படத்தைப் பலமுறை பார்க்கும் பழக்கம் இப்படித் தொடங்கிற்று.

எந்த வகைப் படங்களை அச்சிறுவன் விரும்பினான்? வரலாற்றுப் படங்களும் போர்ப் படங்களும் குதிரைவீரர் படங்களும் அவனைக் கவரவில்லை. அவற்றின் மாந்தரோடு தன்னை ஒன்றாக்கிக்கொள்ள அவனால் முடியவில்லை. எஞ்சியவை மர்மக் கதைகளும் காதல் கதைகளும். அவற்றிலும் அவன் நெஞ்சம் நாயகன் பக்கம் சாயவில்லை. தோற்றவன் பக்கமும் தவறிழைத்தவன் பக்கமுமே சாய்ந்தது. திரைக்கு மிக அருகில் சென்று அமர்வான், அரங்கம் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. அச்சத்தையே பொருளாகக் கொண்ட ஹிட்ச்காக் அவனை ஈர்த்ததும், பின்னர் எவரையும் வில்லனாக்காத ழான் ரெனுவார் அவனை ஆட்கொண்டதும் இதனாலேதான். பிறர் கண்ணுக்குக் குற்றவாளியாகத் தெரிந்த ஒரு பிள்ளை, குற்றவாளியையும் புரிந்துகொள்ளும் கலையைத் தேடிப் போயிற்று.

பட்டியலில் முதலிடங்களில் நின்ற படங்கள் சிலவற்றை இங்கே சொல்லவேண்டும். க்ளூஸோ 1943-இல் எடுத்த 'காகம்' என்னும் படம் ஒரு சிற்றூரில் பெயரின்றி வரும் அவதூறுக் கடிதங்களைப் பற்றியது. காட்டிக்கொடுத்தல் அன்றாடச் செயலாகிவிட்ட ஆக்கிரமிப்புக் காலத்தின் உண்மை முகத்தை அதில் கண்ட சிறுவன், உரையாடல் முழுவதையும் மனப்பாடம் செய்தான். சாஷா கித்ரியின் 'ஒரு மோசடிக்காரனின் கதை', ரெனுவாரின் 'ஆட்ட விதிகள்' இவ்விரண்டும் அவன் ஓயாமல் திரும்பிச் சென்ற படங்கள். 1946-இல் பாரிசுக்கு வந்த ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்', திரைப்படத்துக்கும் ஆசிரியன் உண்டு என்பதை அவனுக்கும் அவன் தலைமுறைக்கும் உணர்த்தியது.

இவற்றினும் ஆழமாகப் பதிந்தவை குழந்தைகளைப் பற்றிய இரண்டு படங்கள். ஒன்று, ழான் விகோ 1933-இல் எடுத்த 'நடத்தைக்குப் பூச்சியம்'. விடுதிப் பள்ளியொன்றின் மாணவர் ஆசிரியருக்கு எதிராகக் கிளர்ந்தெழும் கதை இது. தணிக்கையாளர் தடைசெய்தமையால் போர் முடியும் வரை பொதுமக்கள் இதனைக் காண இயலவில்லை. விகோ 1934-இல் இருபத்தொன்பதாம் வயதிலேயே இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற படங்களையெல்லாம் த்ருஃபோ 1946-இல் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் சேர்ந்தாற்போல் பார்த்தார். மற்றொன்று, இத்தாலியர் ரொபெர்தோ ரோஸலினியின் 'செருமனி, ஆண்டு பூச்சியம்'. 1948-இல் வெளியான இப்படத்தைத் தம் இறந்துபோன மகனுக்குக் காணிக்கையாக்கினார் ரோஸலினி. குண்டுவீச்சில் தரைமட்டமான பெர்லினில் எட்மண்ட் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் நோயுற்ற தந்தைக்கு நஞ்சு கொடுத்துவிடுகிறான். நலிந்தோர் அழியத்தான் வேண்டும் என்று முன்னாள் ஆசிரியர் ஒருவர் பேசிய பேச்சு அவன் மனத்தில் விதைத்த நஞ்சு அது. பின்னர் அவன் தெருத்தெருவாய் அலைகிறான். இடிந்த கோவிலொன்றிலிருந்து ஆர்கன் இசை எழுகிறது. வழிப்போக்கர் நின்று தலைநிமிர்ந்து கேட்கின்றனர். எட்மண்டும் ஒரு கணம் நிற்கிறான், பிறகு நடந்துவிடுகிறான். அவன் முகத்தில் கண்ணீரும் இல்லை, கழிவிரக்கமும் இல்லை. இறுதியில் பாழடைந்த கட்டடத்தின் உயரத்திலிருந்து குதித்து மடிகிறான்.

இப்படத்தைக் குறித்து 1949-இல் 'எஸ்ப்ரி' என்ற கத்தோலிக்கச் சிந்தனை இதழில் ஒரு திறனாய்வாளர் எழுதினார். திரையில் குழந்தையின் முகத்தைப் பார்க்கும்போது நாம் வழக்கமாகத் தேடுவது நம்முடைய உணர்ச்சிகளின் எதிரொலியையே. ரோஸலினி அந்த ஏமாற்றை மறுத்து, குழந்தையின் மறைபொருளை மறைபொருளாகவே விட்டுவைத்தார் என்பது அவர் கருத்து. அத்திறனாய்வாளரின் பெயர் ஆந்த்ரே பஸான். த்ருஃபோவுக்கு அவர் தந்தையாக அமைந்தார் என்று சொன்னால் அது மிகையன்று.

பஸான் 1918-இல் ஆன்ஜே நகரில் பிறந்தவர். ஆசிரியராக வேண்டுமென்று பயின்றார். திக்குவாய்க் குறைபாட்டால் வாய்மொழித் தேர்வில் தோற்றார். வகுப்பறை மறுக்கப்பட்ட அவர் தொழிற்சாலைகளிலும் மாணவர் மன்றங்களிலும் படங்களைத் திரையிட்டு, திக்கித்திக்கியே அவற்றை விளக்கினார். கத்தோலிக்க நம்பிக்கையாளரான அவர், தாம் எழுதிய எதிலும் படங்களுக்கு மறைக்கல்வி மதிப்பெண் போட்டதில்லை. புகைப்படக் கருவி உலகின் முன்னே பணிந்து நிற்கக் கூடியது. படைக்கப்பட்ட உலகை அது சிதைக்காமல் நமக்குக் காட்டுமானால் நாம் அதை நேசிக்கக் கற்போம். அவருடைய திரைப்படக் கொள்கையின் சாரத்தை இவ்வாறு கூறலாம். உலகைத் தந்தவருக்கு நன்றி சொல்லும் மனப்பான்மை அதில் ஒளிந்திருப்பதைக் காண இறையியல் பட்டம் வேண்டியதில்லை.

பதினாறு வயதுச் சிறுவன் த்ருஃபோ ஒரு திரைப்பட மன்றம் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பஸான் நடத்திய திரையிடலும் அதே வேளையில் நடந்தது. கூட்டம் பிரிந்துபோகவே, நேரத்தை மாற்றிக்கொள்ளுமாறு கேட்கச் சிறுவன் நேரே பஸானிடமே போனான். அவ்வாறு தொடங்கியது அந்த உறவு. மன்றத்துக்கு விரைவில் கடன் ஏறியது. வளர்ப்புத் தந்தை மகனைக் காவல்துறையிடம் ஒப்படைத்தார். வில்ஜுயிஃப் என்னும் இடத்திலிருந்த சிறார் கண்காணிப்பு இல்லத்தில் அவன் அடைக்கப்பட்டான். அவனுக்காகப் பரிந்து பேசி வெளியே கொணர்ந்து வேலையும் கொடுத்தவர் பஸான். சில ஆண்டுகளில் அதே கதை வேறு வேடத்தில் திரும்பிற்று. காதல் தோல்வியில் படையில் சேர்ந்த த்ருஃபோ, இந்தோசீனப் போருக்கு அனுப்பப்படவிருந்த நிலையில் ஓடிப்போய்ச் சிறைப்பட்டார். மீண்டும் பஸானே அலைந்து விடுவித்தார். 1952-இல் வெளியே வந்தவருக்குப் போக்கிடம் இல்லை. பஸானும் அவர் மனைவியும் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தனர். பஸானும் இருவரும் சேர்ந்து 1951 ஏப்ரலில் நிறுவிய 'காஹியே து சினிமா' என்னும் இதழில் எழுதவும் வாய்ப்புக் கிடைத்தது. ஒரு கிறிஸ்தவர் மற்றொருவருக்குச் செய்யக்கூடியதை அறிவுரைகள் ஏதுமின்றிச் செய்த மனிதராகவே பஸான் எனக்குத் தோன்றுகிறார்.

இனி அந்தப் பாவசங்கீர்த்தனக் காட்சிக்கு வருவோம். ஜார்ஜ் பெர்னானோஸ் 1936-இல் வெளியிட்ட 'ஒரு நாட்டுப்புறக் குருவின் நாட்குறிப்பு' நம் வாசகர் பலரும் அறிந்த புதினம். வட பிரான்சில் ஆம்ப்ரிக்கூர் என்னும் சிற்றூருக்குப் பங்குக்குருவாக வரும் நோயாளி இளைஞர் ஒருவரின் கதை. ஊரார் அவரை ஏளனம் செய்கின்றனர். குடிகாரர் என்றுகூடச் சொல்கின்றனர். வயிற்று நோயினால் அவர் உட்கொள்ள முடிந்ததெல்லாம் திராட்சை மதுவில் நனைத்த ரொட்டி மட்டுமே. தாம் எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணத்தோடேயே அவர் மற்றவர்க்கு அருளின் வாய்க்காலாகிறார்.

இப்புதினத்தைப் படமாக்கும் முயற்சி பெர்னானோஸ் உயிரோடிருந்தபோதே தொடங்கிற்று. அந்நாளைய பிரான்சில் இலக்கியத்தைத் திரைக்கதையாக்குவதில் புகழ்பெற்ற இரட்டையர் ழான் ஒராஞ்ச், பியேர் போஸ்ட் என்பவர்கள். ஜீதின் 'ஆயர்வாழ்க்கை இசை' என்ற கதைக்கு அவர்கள் எழுதிய திரைக்கதையில் உருவான படம் 1946-இல் கான் விழாவின் உயர்ந்த பரிசைப் பெற்றது. பெர்னானோஸின் புதினத்துக்கும் அவர்கள் திரைக்கதை எழுதினர். ஆசிரியர் அதை ஏற்க மறுத்தார். 1948 ஜூலையில் அவர் காலமானார். பிறகு ராபர்ட் பிரெஸ்ஸோன் தாமே திரைக்கதை எழுதி 1951-இல் படத்தை வெளியிட்டார். பங்குக்குருவாக நடித்தவர் குளோத் லேடு. அவ்வாண்டு வெனிஸ் விழாவில் படம் பரிசு பெற்றது.

ஒராஞ்சும் போஸ்ட்டும் ஒரு கொள்கை வைத்திருந்தனர். புதினத்தில் சில காட்சிகளைப் படமாக்கலாம், சிலவற்றைப் படமாக்க இயலாது. இயலாதவற்றை நீக்குவதற்குப் பதிலாக அவற்றுக்கு இணையான வேறு காட்சிகளைக் கற்பித்துச் சேர்க்கவேண்டும் என்பது அது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் எதைப் 'படமாக்க இயலாது' என்று அவர்கள் முடிவு செய்தனர் என்பதில்தான் சிக்கல். பிரபுவின் மகள் ஷாந்தால், வெறுப்பில் வெந்துகொண்டிருக்கும் பெண். தந்தையின் கள்ள உறவை அறிந்தவள். தாயின் கையாலாகாமையைக் கண்டு கசந்தவள். கோவிலின் இருளில், பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே அவள் குருவைச் சந்திக்கிறாள். பேச்சில் அவளுடைய முகம் சிறிது சிறிதாக அவருக்குப் புலப்படுகிறது. அவளிடம் ஒரு கடிதம் இருப்பதை எப்படியோ உணர்ந்து அதைக் கொடுக்குமாறு கேட்கிறார். திடுக்கிட்டவள் கொடுத்துவிடுகிறாள். அவ்வளவே காட்சி. வெளியே நிகழ்வது ஒன்றுமில்லை. உள்ளே ஓர் ஆன்மா சாவின் விளிம்பிலிருந்து மீட்கப்படுகிறது. இதைப் படமாக்க இயலாது என்று கருதிய இரட்டையர், அதற்குப் பதிலாக ஷாந்தால் திருப்பலியில் வாங்கிய நற்கருணையை உட்கொள்ளாமல் துப்பித் தன் செபப்புத்தகத்தில் மறைத்து வைத்து, அதைக் குருவுக்கே காட்டுவதாக ஒரு காட்சியை எழுதினர்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியின் சல்லடைத் தட்டிக்கு முன் முழந்தாளிட்ட நினைவு நம்மில் மூத்தவர்களுக்கு இருக்கும். அங்கே கண்ணுக்குத் தெரிவது மிகக் குறைவு. முணுமுணுக்கும் குரல், பாதி முகம், மரத்தின் வாசனை. அந்தக் குறைவையே பிரெஸ்ஸோன் தம் கலையின் செல்வமாக்கிக்கொண்டார். கறுத்த பின்னணியில் ஷாந்தாலின் முகம் மட்டும் வெளிறித் தெரிகிறது. கேமரா அதிகம் அசைவதில்லை, குரல் உயர்வதில்லை. படமாக்க இயலாது என்று வல்லுநர் தீர்ப்பளித்த காட்சி முழுமையாகப் படமாகிவிட்டது.

இறுதிக் காட்சியிலும் இதே வேறுபாடு. குருப்பட்டத்தைத் துறந்துவிட்ட பழைய நண்பரின் வீட்டில் பங்குக்குரு சாகிறார். வேறு குரு வந்துசேரத் தாமதமாகவே அந்த நண்பரிடமே பாவமன்னிப்புப் பெறுகிறார். எல்லாம் இறையருளே என்று ஏற்கும் சொல்லோடு புதினம் முடிகிறது. இரட்டையரின் திரைக்கதையோ, சாவுக்குப்பின் ஒன்றுமில்லை என்ற பொருளில் புதினத்தின் வேறோரிடத்தில் ஒரு பாத்திரம் சொல்வதை எடுத்து முடிவில் வைத்தது. பிரெஸ்ஸோன் அந்த இறுதிச் சொல்லைக் காப்பாற்றினார். நண்பர் எழுதிய கடிதம் குரலாக ஒலிக்க, திரையில் ஒரு சிலுவையின் நிழல் மட்டும் தங்குகிறது. படம் வெளிவந்த சில மாதங்களில் பஸான் இதைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை அவருடைய தலைசிறந்த எழுத்துகளுள் ஒன்று. நடிகர் நீங்கி, காட்சி நீங்கி, வெண்திரையில் சிலுவை மட்டும் நிற்கும் அவ்விடத்தில் திரைப்படக் கலை தன் எல்லையைத் தொட்டுவிட்டதாக அவர் கண்டார்.

த்ருஃபோ இந்தப் படத்தைத் தம் பட்டியலில் மிக உயரத்தில் வைத்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். பியேர் போஸ்ட்டை நேரில் சென்று கண்டு, படமாகாத அந்தப் பழைய திரைக்கதையைப் படிக்கக் கேட்டார். போஸ்ட் நல்ல மனிதர். புராட்டஸ்டண்ட் போதகர் ஒருவரின் மகன், தாமும் புதினங்கள் எழுதியவர். இளைஞரின் ஆர்வத்தை மெச்சிக் கையெழுத்துப் படியை நம்பிக் கொடுத்தார். அதை வைத்தே த்ருஃபோ அவருக்கு எதிரான வழக்கைத் தொடுத்தார்.

கட்டுரையின் முதல் வடிவம் மிகக் கடுமையாக இருந்தது. பஸான் அதை உடனே வெளியிடவில்லை. ஓராண்டு காலம் திருத்தச் செய்தார். 1954 ஜனவரி இதழில் அது 'பிரெஞ்சுத் திரைப்படத்தின் ஒரு போக்கு' என்ற பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது. இரண்டு திரைக்கதைகளையும் அருகருகே வைத்து அவர் கேட்ட கேள்வி கூர்மையானது. பாவசங்கீர்த்தனக் காட்சியைப் படமாக்க இயலாது என்பது கலையின் இயலாமையா, அல்லது அந்தக் காட்சியில் நம்பிக்கை வைக்க இயலாத எழுத்தாளரின் இயலாமையா? மறையைப் பழிக்கும் இத்தகைய காட்சிகள் இவ்விருவரின் திரைக்கதைகளில் திரும்பத் திரும்ப வருவதைச் சுட்டிக்காட்டினார். அவர்களுடைய மாந்தர் எல்லாரும் அற்பர்களாகவே சித்திரிக்கப்படுகின்றனர். எழுதியவர் அவர்களுக்கு மேலே நின்று ஏளனத்தோடு பார்க்கிறார் என்றார். அவர் போற்றிய ரெனுவாரும் பிரெஸ்ஸோனும் தம் மாந்தரைவிட உயர்ந்தவராகத் தம்மைக் கருதிக்கொள்வதில்லை என்பதே அவர் கண்ட வேறுபாடு.

த்ருஃபோ கோவில் பற்றுக்காக அறியப்பட்டவர் அல்லர். நற்கருணையை அவமதிக்கும் காட்சியைக் கண்டு அவர் கொதித்தது நம்மைப் போன்ற காரணத்தால் இருந்திராது. ஷாந்தால் என்னும் பெண் அந்தக் காட்சியில் மலிவாக்கப்படுகிறாள் என்பதே அவருடைய கோபம். புதினத்தில் அவள் போராடும் ஓர் ஆன்மா. திரைக்கதையில் பார்வையாளரைத் திடுக்கிடச் செய்யும் ஒரு கருவி. தவறிழைத்தவர் பக்கமே என்றும் நின்ற சிறுவன் இதை உடனே கண்டுகொண்டான். இறைவனை இகழும் காட்சி எப்போதும் ஒரு மனிதரையும் சேர்த்தே இகழ்கிறது என்பதை நம்பிக்கையில்லாத ஒருவரிடமிருந்து நாம் கற்க நேர்வது வியப்பானது.

ஆனாலும் அக்கட்டுரையை முழுவதும் புகழ மனம் வரவில்லை. நம்பிக் கொடுக்கப்பட்ட கையெழுத்துப் படியை எடுத்துக்கொண்டு கொடுத்தவரையே தாக்குவது நேர்மையான செயல் ஆகாது. மேலும் அவ்விரட்டையர் 1952-இல் ரெனே க்ளேமானுக்கு எழுதித் தந்த 'தடைசெய்யப்பட்ட விளையாட்டுகள்', இறந்த விலங்குகளைப் புதைத்து அவற்றுக்காகக் கல்லறைச் சிலுவைகளைத் திருடும் இரண்டு சிறுவரின் கதை. அதில் இகழ்ச்சி இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குழந்தைகளின்பால் உள்ள பரிவை எவரும் மறுக்க இயலாது. மாந்தரை இகழாதே என்று பிறருக்குச் சொன்னவர் போஸ்ட் என்னும் மனிதரை இகழ்ந்தார்.

இந்த விவாதம் நடந்த காலத்துத் திருச்சபையின் நிலையையும் நினைவிற்கொள்ள வேண்டும். திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1936 ஜூனில் திரைப்படம் பற்றி 'விஜிலாந்தி கூரா' என்னும் சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். அதன்பின் பல நாடுகளிலும் கத்தோலிக்க அலுவலகங்கள் படங்களுக்குத் தரவரிசை வழங்கின. அனைவரும் பார்க்கலாம், வயதுவந்தோர் மட்டும், தவிர்க்கவேண்டியது என்று கோவில் வாயிலில் பட்டியல் தொங்கும். பெற்றோருக்கு அது பயன்பட்டது உண்மையே. ஆனால் 'என்ன காட்டப்படுகிறது' என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கும் பட்டியலுக்கு 'எந்த மனத்தோடு காட்டப்படுகிறது' என்பது தட்டுப்படுவதில்லை. நற்கருணை அவமதிப்பையும் பாவசங்கீர்த்தனக் காட்சியையும் வேறுபடுத்திக் காண்பது எளிது. 'செருமனி, ஆண்டு பூச்சியம்' போன்ற படத்தை என்ன செய்வது? தந்தைக் கொலையும் தற்கொலையும் உள்ள அந்தப் படத்தில், இடிந்த கோவிலின் இசையைக் கேட்டு நிற்கும் அந்தச் சிறுவனை எந்தக் கட்டத்தில் அடைப்பது? பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 செப்டம்பரில் வெளியிட்ட 'மிராந்தா ப்ரோர்சுஸ்' சுற்றுமடல், திரைப்படத்தைப் புரிந்துகொள்ளும் பயிற்சியின் தேவையை வலியுறுத்தியது. திரையிட்டு விவாதிக்கும் மன்றங்கள் வாயிலாக பஸான் பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலைதான் அது.

திரைப்படக் கலையின் நூற்றாண்டை ஒட்டி 1995-இல் வத்திக்கான் நாற்பத்தைந்து சிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டது. 'சிட்டிசன் கேன்' அதில் உண்டு. ரெனுவாரின் ஒரு படம் உண்டு. ரோஸலினியின் இரண்டு படங்கள் உண்டு. பிரெஸ்ஸோனின் படம் ஒன்றுகூட இல்லை. பட்டியல் போடுவோர் அனைவருக்கும் ஏதேனும் ஒன்று விட்டுப்போகும் போலும்.

த்ருஃபோ தம் முதல் முழுநீளப் படத்தின் படப்பிடிப்பை 1958 நவம்பர் 10 அன்று தொடங்கினார். இரத்தப் புற்றுநோயால் பல ஆண்டுகளாக நலிந்திருந்த பஸான் மறுநாள் இறந்தார். அவருக்கு வயது நாற்பது. சாந்தோஞ் பகுதியின் சிறிய ரோமானிய பாணிக் கோவில்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டுமென்பது அவருடைய கடைசி ஆசை. செடிகொடி படர்ந்து, காலத்தோடு கரைந்து, ஊராரின் வாழ்வோடு ஒன்றிப்போன அந்தக் கற்கோவில்களைப் பற்றிய குறிப்புகள் எஞ்சின; படம் எடுக்கப்படவில்லை.

'நானூறு அடிகள்' என்னும் த்ருஃபோவின் படம் பஸானின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அவர் அதுவரை நேசித்த காட்சிகளெல்லாம் அதில் உருமாறி வந்துள்ளன. உடற்பயிற்சி ஆசிரியர் மாணவரை வரிசையாகத் தெருவில் ஓட்டிச் செல்ல, பின்னாலிருந்து ஒவ்வொருவராய் நழுவும் காட்சி விகோவுக்குச் செய்த வணக்கம். நாயகன் அந்துவான் என்னும் சிறுவன் பால்சாக்கின் படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றி வைக்கிறான். பிறகு தீப்பிடித்து வீடே அல்லோலப்படுகிறது. புனிதருக்கு ஏற்றவேண்டிய விளக்கை எழுத்தாளருக்கு ஏற்றிய சிறுவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பில் இகழ்ச்சி இல்லை. சீர்திருத்த இல்லத்தில் உளவியலர் கேட்கும் கேள்விகளுக்கு அந்துவான் விடையளிக்கும் காட்சியில், கேட்பவரின் முகம் ஒருமுறைகூடக் காட்டப்படுவதில்லை. குரல் மட்டும் வருகிறது. மேசைக்குப் பின்னால் சிறுவனின் முகம், சொல்லச் சொல்லத் தெளிவாகிறது. நடித்த ழான்-பியேர் லியோவுக்கு எழுதப்பட்ட வசனம் கொடுக்கப்படவில்லை. கேள்விகளுக்குத் தன் போக்கிலேயே அவன் விடை சொன்னான். கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் முன் ஓர் இளம் உயிர் மெல்லத் தன்னைத் திறக்கும் இந்தக் காட்சியை நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் நினைவில்லாமல் பார்த்ததில்லை. பிரெஸ்ஸோனிடமிருந்து கற்றதா, தற்செயலா என்பதை அவரவர் முடிவுக்கு விடலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அந்துவானின் வாக்குமூலத்துக்குப் பிறகு அவனுக்கு மன்னிப்பு வழங்க எவரும் இல்லை. அவன் இல்லத்திலிருந்து தப்பி ஓடுகிறான், கடலைக் காண்கிறான், அலையில் கால் நனைத்துத் திரும்பி நம்மைப் பார்க்கிறான். அங்கே படம் உறைந்துவிடுகிறது. எட்மண்டின் முகம்போல அந்த முகமும் நமக்கு விடை எதுவும் சொல்வதில்லை. ஆனால் இவன் உயிரோடிருக்கிறான்.

1959-இல் கான் விழாவில் அப்படம் சிறந்த இயக்கத்துக்கான பரிசைப் பெற்றது. அனைத்துலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் பரிசும் அதற்கே வழங்கப்பட்டது. திருட்டும் பொய்யும் தாயின் ஒழுக்கக்கேடும் நிறைந்த ஒரு படத்துக்குக் கத்தோலிக்க நடுவர் பரிசளித்தனர் என்பது, பத்தாண்டுகளில் நம்மவர் பார்வை எவ்வளவு தொலைவு நடந்திருந்தது என்பதற்குச் சான்று.

போஸ்ட்டும் ஒராஞ்சும் அதன்பின் பழைய தலைமுறையினராய் ஒதுக்கப்பட்டனர். புதிய இயக்குநர் பெர்த்ரான் தவெர்னியே தம் முதல் முழுநீளப் படத்துக்கு அவர்களையே தேடிச்சென்று திரைக்கதை எழுதச் செய்தார். அப்படம் 1974-இல் வெளிவந்தது. மறு ஆண்டு போஸ்ட் இறந்தார். அவர் எழுதி எல்லாரும் மறந்துவிட்ட குறும்புதினமொன்றைத் தவெர்னியே 'நாட்டுப்புறத்தில் ஒரு ஞாயிறு' என்ற பெயரில் படமாக்கினார். முதிய ஓவியர் ஒருவரைப் பார்க்கப் பிள்ளைகள் ஞாயிறன்று வந்துபோகின்றனர், அவ்வளவே கதை. மேலானவர் என்றோ கீழானவர் என்றோ எவரையும் தனித்து நிறுத்தாமல், எல்லாரையும் ஒரே கனிவோடு பார்க்கும் படம். 1984 மே மாதம் கான் விழாவில் சிறந்த இயக்கத்துக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. மூளைக் கட்டியால் நோயுற்றிருந்த த்ருஃபோ அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று, ஐம்பத்திரண்டாம் வயதில் இறந்தார்.